ஊட்டி ஊட்டிச் சூடான பேரிங்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் பராமரிப்பு வேலைக்கு நான் சேர்ந்தபோது, எந்த இயந்திரத்துக்கும் வேளாவேளைக்குக் கிரீஸ் வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. கத்தினால் வைப்பார்கள். நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் திருத்தத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

முதல் வாரமே கட்டம் போட்டு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் காலையில் கிரீஸ் கன்னோடு ஒரு சுற்று. ஒவ்வொரு பேரிங்கிலும் ஓரத்தில் பிதுங்கி வழியும்வரை அடித்தால்தான் எனக்கு மனசு ஆறும். பருப்பு தரம் பிரிக்கும் பெண்கள் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்குவார்கள். மரியாதை என்று நினைத்தேன். சேலையில் கறை படக்கூடாதே என்றுதான் ஒதுங்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

பருப்பை உலர்த்தும் டிரையரைப் பல வருஷமாக ஓட்டிவந்தவர் என் வயதுடைய ஒரு பெண். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“சார், இங்கிட்டு வாங்க. விசிறியோட பேரிங்கு சூடா இருக்கு.”

காய்ந்திருக்கும் என்று சொல்லி, நாலு அடி கூடுதலாக அடித்தேன்.

“நீங்க கிரீஸ் அடிக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் சார் சுடுது.”

“சூடான காத்து போற எடம். அப்படித்தாங்க இருக்கும்.”

மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் அடித்தேன். அதற்கடுத்த நாள், முதலாளி வெளியூர் வியாபாரி ஒருவருக்கு ஆலையைச் சுற்றிக்காட்டிக்கொண்டு வந்த நேரம், நான் குனிந்து அடித்த அடியில் பேரிங்கை மூடியிருந்த ரப்பர் சீல் பிதுங்கி, உருகிய கிரீஸ் பீய்ச்சியடித்தது. நல்லவேளை, பருப்புத் தட்டுகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. என் சட்டைதான் இந்தப் பக்கம் இருந்தது.

“இவருதான் நம்ம மெயின்டனன்ஸ் சார்,” என்று முதலாளி அறிமுகம் செய்துவைத்தார்.

விசிறியை நிறுத்திப் பேரிங்கைத் திறந்தோம். குண்டுகள் உருள இடமில்லாமல் உள்ளே கிரீஸ் அடைந்து கிடந்தது. அதைக் கடைந்து கடைந்தே சூடாகியிருக்கிறது. இயந்திரத்தோடு வந்த கையேட்டை அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு அடி போதுமாம்.

துடைத்துக் கழுவி, உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் கிரீஸ் வைத்து, புது சீல் போட்டு ஓட்டினோம். சாயங்காலம் டிரையர் ஓட்டும் அந்தப் பெண் பேரிங் கூட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“இப்பத்தான் மூச்சு விடுது. எலைய மடிச்சப்புறமும் சோத்த அள்ளி வெக்கிற மாமியா வீடு மாதிரில்ல பண்ணிட்டீங்க.”

“நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா சட்டையாவது தப்பிச்சிருக்கும் சார்.”

அட்டவணையைக் கிழித்துவிட்டு, இயந்திரத்துக்கு ஒரு நோட்டு தொங்கவிட்டேன். சூடு, சத்தம் எப்படி என்று ஓட்டுகிறவரே எழுத வேண்டும். அதையும் கையேட்டையும் பார்த்த பிறகுதான் நான் கிரீஸைத் தொடுவேன். டிரையர் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்:

“சூடு இல்லை. சத்தம் இல்லை. கிரீஸ் வேண்டாம். சார் வந்து கேட்டாலும் வேண்டாம்.”

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனேன்.