வேலிக்குக் கீழே ஒரு குடம்

மலைமேல் புதூர்நாட்டுக்கும் மேலே, நகரத்திலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் இயற்கையோடு வாழவென்று சேர்ந்து நடத்தும் சூழல் கிராமத்தில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியையும் குளத்து அளவுகோலையும் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஓடையை மறித்து, தண்ணீர் மண்ணில் இறங்காதபடி அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அந்தக் குளத்தைக் கட்டிய ஆண்டு, 'ஒரு சொட்டும் வேலி தாண்டவில்லை' என்று எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். கை தட்டினார்கள்.

மறு ஆண்டு மழை தள்ளிப்போனது. வேலிக்குக் கீழே பயிர் வைத்திருக்கும் ராணி ஒரு காலையில் காலிக் குடத்தோடு வந்தார். ஓடை ஓரத்தில் இருக்கும் அவருடைய ஊத்துக்குழி சுரப்பது குறைந்துவிட்டது. கேழ்வரகு நாற்று வாடுகிறது. இரண்டு நாளில் தண்ணீர் விடாவிட்டால் நடவுக்கு நாற்றே இருக்காது.

எங்கள் விதிப்படி பதினொரு வீடும் கை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். ஒரு குடும்பம் சென்னை போயிருந்தது. திரும்ப ஒரு வாரம் ஆகும். அதைச் சொன்னேன்.

"ஓடைய மறிச்சப்ப எங்க வூட்ல யாரு சார் கை தூக்குனது?" என்றார்.

நோட்டோடு அவர் பின்னால் இறங்கினேன். அந்தக் குழியை நான் பார்த்தது அதுவே முதல் முறை. குடம் நிறைய நாற்பது நிமிடம் ஆனது. முன்பு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"வெத்தல மடிச்சி வாயில போடறதுக்குள்ள ரொம்பிடும். அது எத்தினி நிமிஷம்னு நீங்களே எழுதிக்குங்க."

மேலே வந்து, குளத்திலிருந்து ஓடைக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறந்தேன். 'காலை 10.20. யாரையும் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில், குளத்தை வடிவமைத்த, எங்களில் ஒருவரான பொறியாளர் கோபமாக இருந்தார். "ரூல்னா எல்லாருக்கும்தானே?"

சரிதான் என்றேன். பிறகு நோட்டை வாசித்தேன். முதல் நாள் நாற்பது நிமிடம்; வால்வு திறந்த நான்காம் நாள் ஆறு நிமிடம்; நாற்று பிழைத்தது. அவர் நோட்டை வாங்கி ஒருமுறை தானே படித்துப் பார்த்தார். ராணியின் குடம் நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கூட்டம் இல்லாமலே வால்வைத் திறக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். பதினொரு கைகள் உயர்ந்தன.

அழைத்திருந்ததால் ராணியும் வந்திருந்தார். அவர் கை தூக்கவில்லை. "தண்ணி வருது, போதும். நடவு கெடக்குது, நான் போறேங்க" என்று எழுந்துவிட்டார்.

இப்போது என் நோட்டின் முதல் கட்டம் மழைமானிக்கு இல்லை, அவருடைய குடம் நிறையும் நேரத்துக்கு. 'ஒரு சொட்டும்' என்ற பழைய வரியை நான் அடித்து நீக்கவில்லை. அளவு சரிதான். அளப்பதை வேலியோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை.