பாவுக்குப் போட்ட கஞ்சி

மாவட்ட வலுதூக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது, என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சிரிக்கட்டும். நாற்பது வயதைத் தாண்டி, முதுகுவலிக்காகப் பெரிய காஞ்சிபுரத்தில் ஜிம்மில் சேர்ந்தவள் நான். தரையில் கிடக்கும் கம்பியை நூறு கிலோவோடு தூக்கி நிமிர வேண்டும் என்ற வெறி எப்போது பிடித்ததோ தெரியாது. பிடித்தது விடவில்லை.

அறுபத்து மூன்று கிலோவுக்குள் இருந்தால்தான் என் பிரிவில் நிற்க முடியும். நான் அறுபத்தேழு. கொழுப்பு குறைய வேண்டும், தசை குறையக் கூடாது. ஜிம்மில் சதை ஏற்றுகிறவர்கள் சோறும் வாழைப்பழமுமாக வெளுத்துக் கட்டினார்கள். இளைக்க வந்தவர்கள் சோற்றுப் பானையைக் கண்டாலே ஒதுங்கினார்கள். எனக்கோ இரண்டும் வேண்டும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"சோத்தை மொத்தமா நிறுத்தாதீங்கக்கா, எப்ப சாப்பிடணும்னு பாருங்க" என்றாள் பயிற்சி தரும் பெண். நான் கேட்டால்தானே. சோறு, இட்லி, கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்தினேன். மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி வீட்டுக்கு வந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

எடை குறைந்தது. கூடவே பலமும் போனது. முன்பு சுலபமாக எழுந்த எண்பது கிலோ தரையை விட்டு அசையவில்லை. கண் இருட்டிக்கொண்டு வர, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று சொல்லிக்கொண்டேன். பசியும்தான்.

மறுநாள் விடியலில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, என் கணவர் அரிசிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். முனையைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது.

"என்னாமா, கை ஆடுது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"கஞ்சி போடாத பாவைத் தறியில ஏத்தினா இழை அறுந்துக்கினே இருக்கும். உனக்குத் தெரியாதா? நீ மட்டும் கஞ்சி இல்லாம இழுத்துக்கினு இருக்கிறே."

எனக்குச் சுருக்கென்றது. முனையைக் கட்டிவிட்டு விருட்டென்று உள்ளே போனேன். ஆனால் அந்தக் கஞ்சி மனதை விட்டுப் போகவில்லை. இழுபடப் போகும் பாவுக்குத்தான் கஞ்சி போடுகிறோம். நெய்து முடித்த பட்டுப் புடவைக்கு யாரும் போடுவதில்லை. அதிலும் கெட்டியாகப் போட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பயிற்சி தரும் பெண் சொன்னதும் இதுதானே என்று அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு எடை தூக்கும் நாளில் ஜிம்முக்குப் போகுமுன் உப்பும் மோரும் சேர்த்த கஞ்சி. முடித்து வந்ததும் அளவாகச் சோறு, முட்டை. இரவில் முளைகட்டிய பயறும் காய்கறியும். தூக்காத நாளில் ஒரு வேளை மட்டும் கொஞ்சம் கேழ்வரகுக் களி. மாலையில் புளியோதரைப் பிரசாதம் வந்தால் கண்ணில் ஒற்றி ஒரு வாய் எடுத்துக்கொண்டு, மீதியை மகளிடம் தள்ளிவிடுவேன். இன்னும் கேட்டது நாக்குதான், சாமி இல்லை. எடை மெல்ல இறங்கியது, கம்பியும் பழையபடி எழுந்தது.

போட்டி நாளில் எடை பார்த்தார்கள். முள் அறுபத்து மூன்றைத் தொடவில்லை. நான் ஓர் ஓரமாகப் போய்ப் பிளாஸ்க்கைத் திறந்தேன்.

"என்ன ஆன்ட்டி, சூப்பா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"கஞ்சிமா. உனக்கு வேணுமா?"

கடைசி வாய்ப்பில் நூறு கிலோ கேட்டேன். தறியை நிறுத்திவிட்டு வந்த கணவர் முதல் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். கம்பி முழங்கால்வரை வந்து அங்கேயே நின்றது. விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். இடுப்பு முன்னே வந்தது, நிமிர்ந்துவிட்டேன். தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் மூவரும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள்.

பதக்கம் வேறு பெண்களுக்குப் போனது. மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். கணவர் கை தட்டவில்லை. நேரே வந்து, பாவின் முனையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு இழைகூட அறுந்து போவலமா" என்றார்.