ஜியாவுதீன் பாயின் ரயில் வண்டிகள்

சுரங்கத்தின் மின் பழுதுப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர் ஜியாவுதீன். கன்வேயர் பெல்ட்டை இழுக்கும் மோட்டார் ஒவ்வொன்றும் யானைக்குட்டி அளவு இருக்கும். பகலெல்லாம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால், கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது பொம்மை ரயில் எஞ்சினுடையது. பொம்மை என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் முகம் மாறும். மாடல் என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கம் ஒரு ஜெர்மன் எஞ்சினியரால் வந்தது. சுரங்கத்தில் பெரிய மண்வெட்டி இயந்திரம் பூட்ட வந்த அவர், தன் மகனுடைய ரயில் நின்றுபோனதென்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஜியாவுதீன் இரண்டு நாளில் ஓட வைத்துக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது அந்த மனிதர் தண்டவாளத்தோடு மொத்த செட்டையும் அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் வீட்டுப் பழைய சாமான்கள் அங்கே தெருவோரம் வரும். பீங்கான் தட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு எஞ்சின் கிடக்கும். ஓடாது. ஓடாததால்தான் அவர் கைக்கு எட்டியது. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பச்சை பிரெஞ்சு எஞ்சின் வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து புதுக் காயில் கட்டினார். பட்டறையில் பழுது பார்த்த மோட்டாருக்குச் சீட்டுக் கட்டுவது வழக்கம். அதே கைப்பழக்கத்தில், ஒவ்வொரு எஞ்சினின் கூட்டுக்குள்ளும் தேதி, கம்பி அளவு, தன் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதிய சிறு சீட்டை ஒட்டி மூடிவிடுவார்.

இதில் அவருக்கு ஒரே கூட்டாளி கோபாலகிருஷ்ணன். ஸ்டோர்ஸில் ஆபீசர், அதே பிளாக், இரண்டு தெரு தள்ளி வீடு. ஜியாவுதீன் வீட்டுப் பின்னறையில் பிளைவுட் பலகை மேல் ரயில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை வந்தது. இங்கிலீஷ் நன்றாக வரும். மாடல் ரயில் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் அவர் சேர்ந்தபோது, தன்னையும் சேர்த்துவிடச் சொல்லி ஜியாவுதீன் கேட்டார். பெரிய பெரிய ஆளுங்க இங்கிலீஷ்லயே அடிச்சுக்குவாங்க, உனக்கு ஒத்துவராது, ஏதாவது முக்கியமா இருந்தா நானே சொல்றேன் என்றார் கோபாலகிருஷ்ணன். ஜியாவுதீனும் அதைக் கரிசனமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டியிருந்த வீட்டில் இரண்டே அறை. பலகையை விரிக்க இடமில்லை. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி அட்டைப்பெட்டிகளில் பூசணம் பூத்தது. தண்டவாளம் கருத்தது. மனைவி மிஸ்ரியா பூசணத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். ஆனால் நாற்பத்திரண்டு எஞ்சினும் நூற்றுச்சொச்சம் ரயில் பெட்டியும் கட்டிலுக்கடியில் கிடந்து வீணாவதை ஜியாவுதீனுக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முக்கால்வாசிக்கு ஒரிஜினல் அட்டைப்பெட்டி இல்லை, மோட்டாரில் கை வைத்திருக்கிறது, மார்க்கெட்டில் இதற்கெல்லாம் மதிப்பே கிடையாது என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "அறுபதாயிரம் தர்றேன். ஒண்ணைக்கூட விக்க மாட்டேன் ஜியா. என் வூட்டு மாடி ரூம்ல அப்படியே பலகை போட்டு வச்சிடறேன். உனக்கு எப்பத் தோணுதோ வந்து ஓட்டு."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஜியாவுதீன் கொடுத்தார். மினி லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் பழைய துணி வைத்துக் கட்டியது மிஸ்ரியா.

அப்புறம் போக வாய்க்கவே இல்லை. மாடிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், மருமகன் வந்திருக்கிறார், கரண்ட் வேலை நடக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். பக்ரீத்துக்கு மட்டும் கோபாலகிருஷ்ணன் வழக்கம்போல வடக்குத்துக்கு வந்தார். இரண்டு தரம் பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவர் பிரவின்குமார், கோயம்புத்தூரில் பல் டாக்டர். குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார்.

"ஜியாவுதீன் சாரோட பையனுங்களா?"

"நான்தான் ஜியாவுதீன்."

"மன்னிச்சிக்குங்க சார். நீங்க தவறிட்டதா சொன்னாங்க" என்றார் டாக்டர்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. அந்தப் பச்சை எஞ்சினை டாக்டர் எண்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கியிருக்கிறார். எண்ணெய் விடலாமென்று கூட்டைத் திறந்தபோது உள்ளே சீட்டைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு நேர்த்தியாகக் காயில் கட்டியவரின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலாமென்று அதிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். காலமான ஒருவரின் சேகரிப்பு, குடும்பத்துக்காக நண்பர் விற்றுத் தருகிறார் என்றுதான் குரூப்பில் போட்டிருந்ததாம். ஏறக்குறைய எல்லாமே விற்றுப் போய்விட்டதாம்.

டாக்டர் அந்தச் செய்தியை அனுப்பி வைத்தார். அதில் இருந்தது கோபாலகிருஷ்ணனின் மகள் இசைப்பிரியா கல்யாணத்தில் எடுத்த போட்டோ. நண்பர்கள் இருவரும் சேர்ந்து நின்றது. கோபாலகிருஷ்ணன் தன்னை மட்டும் அதிலிருந்து வெட்டி நீக்கியிருந்தார். ஜியாவுதீனின் தோள்மேல் அவருடைய கை மட்டும் மிச்சமிருந்தது. கீழே இருபத்தேழு பேர் இரங்கல் எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தார். பக்ரீத் முடிந்து மூன்றாம் நாள்.

மழையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கோபாலகிருஷ்ணன் கதவைத் திறந்ததுமே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஜியாவுதீன் நேராக மாடிக்கு ஏறினார். பலகையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கூரியர் அட்டைப்பெட்டிகளும் டேப்பும் ஒரு சின்னத் தராசும் இருந்தன. மிஸ்ரியா கட்டிக் கொடுத்த பழைய துணியெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தது.

"என்னை ஏன் சாகடிச்ச?" என்று கேட்டார்.

கோபாலகிருஷ்ணன் மறுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உயிரோட இருக்கறவர் சரக்குன்னா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க ஜியா. செத்தவரோட கலெக்‌ஷன்னா, இனிமே வராதுன்னு போட்டி போட்டுகினு வாங்குவாங்க. வியாபாரத்துக்குச் சொன்னது. மனசுல வச்சிக்காத."

பீரோவைத் திறந்து ஒரு லட்ச ரூபாய் எடுத்து வைத்தார். ஜியாவுதீன் அதைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் உயிரோட இருக்கேன்னு அதே குரூப்புல எழுது. நீ எழுதற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோபாலகிருஷ்ணன் இரண்டு முறை எழுதி அழித்தார். கடைசியில், தவறான தகவலுக்கு வருந்துகிறேன், ஜியாவுதீன் நலமாக இருக்கிறார் என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டார். ஜியாவுதீன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

பணத்தை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று மிஸ்ரியா கோபப்பட்டார். நம்ம சாமான் வித்த காசுதானே, அவரோட காசா என்று ஒரு வாரம் கேட்டார். எடுத்திருக்கலாம் என்று பின்னாளில் ஜியாவுதீனுக்கே தோன்றியது. ஆனால் அன்றைக்கு அந்த நோட்டுக்கட்டைப் பார்த்தபோது, தன் சாவுச் செலவுக்கு வைத்த பணம் மாதிரிதான் இருந்தது.

டாக்டர் பழுதான எஞ்சின் இரண்டை அனுப்பினார். அவரைப் பார்த்து வேறு சிலரும் அனுப்பத் தொடங்கினார்கள். இப்போது வடக்குத்து வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேஜை. யாருடைய எஞ்சினுக்கோ காயில் கட்டி அனுப்புகிறார். உள்ளே சீட்டு ஒட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், ஒரு தடவை அது செத்தவன் சீட்டாகிவிட்டது, போதும் என்பார்.

போன மாதம் பண்ருட்டி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஆர்ச் கேட் ஸ்டாப்பில் கோபாலகிருஷ்ணன் ஏறினார். பஸ்ஸில் காலியாக இருந்தது ஜியாவுதீன் பக்கத்து சீட் ஒன்றுதான். அதில் அவருடைய பை இருந்தது. கோபாலகிருஷ்ணன் அருகில் வந்து நின்று பையைப் பார்த்தார். ஜியாவுதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையை எடுக்கவில்லை. பண்ருட்டி வரைக்கும் கோபாலகிருஷ்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.