மாமா போட்ட மணல் கோடு

அம்மாவின் தம்பிக்கு சர்வே ஆபீஸில் வேலை. ஊர் உலகத்தையெல்லாம் அளந்து வரைபடம் போடுகிறவர், கழற்றிப் போட்ட சட்டையை எங்கே போட்டோம் என்று வீடு முழுக்கத் தேடுவார். அதனாலேயே அவர் தங்கியிருந்த எங்கள் தாம்பரத்து வீட்டில் மதிப்பு கொஞ்சம் கம்மி.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, உப்பளங்களைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தை மாமா அளந்துகொண்டிருந்தார். சுற்றிலும் தாழம்புதரும் மணலும்தான். லீவுக்கு என்னைக் கேளம்பாக்கத்துப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். "தண்ணிப் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, காலை ஒடிச்சுடுவேன்" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். இரண்டாம் நாளே மாமாவை நச்சரித்து அவரோடு போய்விட்டேன்.

முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. கால் நனையாமல் அக்கரைக்கு நடந்தோம். நண்டுக் கூடையோடு வந்த ஒருத்தி மாமாவின் வரைபடப் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"மழ பேஞ்சா தொறந்துக்கும், வெயிலுக்கு மூடிக்கும். இத்தப் போயி இன்னாத்துக்கு சார் எய்திகினு கீற?"

"இதுக்குத்தாம்மா சம்பளம் தராங்க."

"தர்றவனச் சொல்லணும்!"

ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு மேலதிகாரி அந்த இடத்தைச் சரிபார்க்கப் போனார். திரும்பும் வழியில் அவர் ஜீப் எங்கள் வாசலில் நின்றது.

"என்னய்யா, முழுக்க மணல்னு கோடு போட்டிருக்கே? அங்க தண்ணி ஆளையே இழுக்குது. வீட்லயே உட்காந்து வரைஞ்சியா?"

மாமாவின் வேலை நிரந்தரமாக வேண்டிய வருஷம் அது.

"அப்போ மூடியிருந்துது சார். நடந்தே போனேன். இவளும் வந்தா, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"நான் போகவே இல்ல" என்றேன்.

மாமாவின் கையில் அளவு நோட்டு விரித்தபடி இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், மணலைக் கடக்க நான் எண்ணிய காலடிகள், என் கோணல் கையெழுத்தில், என் பெயரோடு. அதை நீட்டியிருந்தால் போதும். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"என் தப்புதான் சார். மறுபடியும் போய் அளந்துட்டு வரேன்."

மழையில் கூடாரம் போட்டுக்கொண்டு அளந்தார். அந்த வருஷம் வேலை நிரந்தரமாகவில்லை. தீபாவளிக்கும் அவர் வரவில்லை. மத்தாப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று நான் இரண்டு நாள் அழுது தீர்த்தேன். அம்மாவும் என்னோடு சேர்ந்துகொண்டு அவரைத் திட்டினாள்.