அவனுடைய சொந்தப் பெயர் என்ன ஆயிற்று

குற்றாலத்தில் சாரல் இல்லாத மாதங்களில் லாட்ஜுகள் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். ஐந்தருவி போகும் சாலையில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், பழைய படப் பைத்தியம், அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் சாப்பாட்டுக் கூடத்தில் படம் போடுவார். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அறைகளில் சும்மா கிடக்கும் போர்வைகளை ஜன்னல்களில் தொங்கவிட்டு இருட்டாக்கிவிடுவார். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கருத்துச் சொல்லியாக வேண்டும். டீயும் சுண்டலும் அதற்குப் பிறகுதான் வரும்.

நான் அங்கே போக ஆரம்பித்தது அம்மா இறந்த பிறகு. கணவர் அதற்கும் முன்பே போய்விட்டார். மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். தென்காசி வீட்டில் டிவி பகல் முழுக்க ஓடும், நான் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்றுதான். அடுத்த தெருவில் இருக்கும் கல்லூரி ஆசிரியை ஒருத்தி, "சும்மா வந்து உக்காருங்கக்கா, பிடிக்கலன்னா தூங்குங்க" என்று சொல்லிக் கூட்டிப்போனாள்.

அந்தப் பங்குனி ஞாயிறு போட்டது கருப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். கடலோர ஊர் ஒன்றில் தங்கும் விடுதி தீப்பிடிக்கிறது. தப்பி ஓடும் ஒருவன், பக்கத்து அறைக்காரனின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறான். கோட்டுக்குரியவன் உள்ளே கருகிப்போகிறான். கோட்டைப் பார்த்து இவனை அவன் என்று நினைத்துவிடுகிறார்கள். இவனும் மறுக்கவில்லை. செத்தவனின் ஊருக்குப் போய், அவனுடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அங்கே அவனுடைய அக்கா தனியாக இருக்கிறாள். சின்ன வயதில் ஊரைவிட்டுப் போன தம்பி என்று இவனை உள்ளே விடுகிறாள். பிறகு செத்தவனின் கூட்டாளி ஒருவன் தேடி வர, ஒரு கொலை, போலீஸ் என்று படம் போகிறது.

அந்தப் படத்தை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது வடகரைப் பக்கம். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த கொஞ்ச நாளில் காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளியிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, அவள் பெயரை அடித்துவிட வேண்டாம் என்று அம்மா அழுதாளாம். அப்பா என்னைக் கொண்டுபோய் அவள் இடத்தில் உட்கார வைத்தார். அவ்வளவுதான். அன்று முதல் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அக்கா பெயர்தான். அப்பாகூடப் பழகிவிட்டார். அம்மா மட்டும் வீட்டுக்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் கணவரிடம் சொன்னேன். சிரித்தார். எந்தப் பெயராக இருந்தாலும் அவர் என்னைக் கூப்பிட்டது "ஏட்டி" என்றுதான். மகனிடம் ஒருமுறை சொன்னபோது, "இத வெளிய யார்ட்டயும் சொல்லாதீங்கம்மா, பென்ஷன்ல எதும் சிக்கலாயிரப் போவுது" என்றான்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா பெயரைச் சொன்னாள். "நீயாவது இருக்கியே. சின்னவள காய்ச்சல்ல பறிகொடுத்துட்டேன்" என்றாள். நான்தான் அந்தச் சின்னவள். "சரிம்மா, வாயத் திற" என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினேன். அதன் பிறகு அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை.

படம் முடிந்து போர்வைகளை விலக்கியதும் கண் கூசியது. சிவகிரிக்காரரான ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர்தான் முதலில் பேசினார். "இதுல பேச என்ன இருக்கு? ஆள்மாறாட்டம். செத்தவன் பேரச் சொல்லி ஒரு பொம்பள தனியா இருக்க வீட்டுல ஏறிருக்கான். முத நாளே புடிச்சு உள்ள வச்சிருந்தா கொலையே நடந்திருக்காது."

"அந்த அக்காவுக்கு கதவத் திறக்கும்போதே தெரிஞ்சிருச்சு சார்" என்றாள் ஆசிரியை. "தெரிஞ்சுதான் உள்ள விடுதா. தனியா கிடக்கவளுக்கு யாராவது வந்தாப் போதும்னு இருக்கும்லா?" சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தவள், சட்டென்று குனிந்து பையில் எதையோ தேடினாள்.

லாட்ஜ்காரர் போனில், உலகத்தில் யார் யாரோ அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னார். நடுவில் படம் இழுக்கிறது என்று ஒருவர். மாடிப்படி நிழலுக்காகவே பத்துத் தடவை பார்க்கலாம் என்று ஒருவர். வந்தவனுக்காக மேஜையில் இரண்டாவது தட்டை எடுத்து வைக்கும்போது அந்த அக்காவின் கை நடுங்கவில்லை, அதனால் அவளுக்குத் தெரியாது என்று ஒருவர். அதே கை நடுங்காததால்தான் அவளுக்குத் தெரியும் என்று அவருக்குப் பதில் எழுதிய இன்னொருவர்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்றார் என்னிடம்.

நான் வழக்கமாக "நல்லா இருந்துச்சு" என்று சொல்லித் தப்பிப்பவள். அன்று வாய் தானாகத் திறந்தது. "அவன் இன்னொருத்தன் பேர எடுத்துக்கிட்டான், சரி. அவனோட சொந்தப் பேரு என்னாச்சு? அந்தப் பேர்ல வேற ஒருத்தனப் புதைச்சுட்டாங்க. அதுக்கு யாராவது அழுதாங்களா? படத்துல ஒருத்தரும் கேக்கலியே."

லாட்ஜ்காரர் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இத யாரும் எழுதல" என்று போனைக் கீழே வைத்தார். டீ வந்தது.

ஆசிரியைக்கு அங்கேயே உறவுக்காரர் வீட்டில் வேலை இருந்தது. பஸ் நிறுத்தம் வரை சப்-இன்ஸ்பெக்டர் கூட வந்தார். கடைகள் சாத்தியிருந்தன. பெரிய அருவியில் பாறை முழுக்கக் காய்ந்து, ஓரத்தில் மட்டும் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது. அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பார்வையாளர்களில் மிகக் கறாராகப் பேசியவர் அவர்தான். ஒருவேளை அதனாலேயே இருக்கலாம்.

"நீங்க என்னக் கூப்பிடுத பேரு என் பேரு இல்ல அண்ணாச்சி. எங்க அக்கா பேரு" என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். "சர்வீஸ்ல யாரும் பெட்டிஷன் போடலியே?"

"இல்ல."

"பென்ஷன் ஒழுங்கா வருதுல்லா?"

"வருது."

"பெறவு என்ன" என்றவர், அதோடு நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார். "உங்க பேரு என்ன?"

சொன்னேன். என் வாயால் அதை எப்போது கடைசியாகச் சொன்னேன் என்று நினைவில்லை. ஒருவேளை சொன்னதே இல்லையோ என்னவோ. நம் பெயரை நாமா கூப்பிடுகிறோம்? அவர் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது.

அடுத்த படத்துக்குப் போனபோது நல்ல வெயில். பஸ்ஸைவிட்டு இறங்கி, குடையை விரித்துக்கொண்டு ஐந்தருவிச் சாலையில் நடந்தேன். பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பக் கூப்பிட்டார்கள். சாலையோரம் நின்ற காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை குரங்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதைத்தான் கூப்பிடுகிறார்கள், அது கேட்காமல் நிற்கிறது என்று நினைத்தேன். "உன்னக் கூப்பிடுதாங்க பாரு" என்று அதனிடம் சொல்லவும் செய்தேன். அது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அதன் அம்மாவிடம் ஓடியது.

சப்-இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். "அங்கன இருந்து நீங்க அன்னைக்குச் சொன்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வருதேன். காதுல விழலியா?"

"என்னையா கூப்பிட்டீங்க?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.

"வாங்க மேடம்" என்றார். "படத்தப் போட்ருவாங்க."