மூன்றாம் ஓலை

காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி யாகப்பன் மகள் சலோமிக்கு எழுபத்தேழாம் வருஷம் பாண்டிச்சேரியில் மெடிக்கல் சீட் கிடைத்தது. கிடைத்த நாள் முதல் ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அப்பன் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டான் என்றார்கள். டாக்டர் பெண்ணென்றால் பெரிய இடத்து மாப்பிள்ளை வருவான், அதற்குத்தான் என்றார்கள். அவளைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டால் குடியா முழுகிவிடும்?

சான்றிதழ் காட்டப் போன இடத்தில், வராந்தாவில் காத்திருந்த பிள்ளைகள், டாக்டர் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தனுக்கு அப்பா கட்டிவைத்த ஆஸ்பத்திரி இருந்தது. ஏழைகளுக்குச் சேவை செய்யப்போவதாக ஒருத்தி பாடம்போல ஒப்பித்தாள். நெரவிப் பையன் ஒருவன், கணக்கு மண்டையில் ஏறாததால் இங்கே வந்தேன் என்று சிரித்தான். சலோமி, "எங்க அக்காவுக்காக" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா அந்தோணிமேரி, கட்டிக்கொடுத்த வீட்டில், நெஞ்சு வலி, மூச்சு முட்டுகிறது என்று படுத்துவிட்டாள். வந்த டாக்டர் என்ன செய்கிறது என்று புருஷனைக் கேட்டார். வேலைக்குப் பயந்த சோம்பல் என்றான் அந்தப் பாவி. மாமியார்க்காரியும் தலையாட்டினாள். தலைமாட்டில் நின்ற சலோமி வாயைத் திறந்தபோது, சின்னப் பிள்ளை சும்மா இரு என்று அதட்டினார்கள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கேம்மா வலிக்கிறது என்று கட்டிலில் கிடந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகானுபாவர்! அவளுக்கு வாய் இருந்தது, நினைவும் இருந்தது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு மூண்ட ஆத்திரம்தான் சலோமியைப் படிக்க வைத்தது.

சீட் கிடைத்த சமயம் பார்த்து, பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையன் லூசியன் பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் தாய் ஒர்த்தான்ஸ் அம்மாள் பெண் கேட்டு வந்தார். இங்கே படிக்கிற டாக்டர் படிப்பு அங்கே செல்லாது, எதற்கு வீணாக என்றார். யாகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இவள் போனால் தம்பிகளும் பின்னாலேயே பிரான்சு போய்விடலாமே! சலோமி மாட்டேன் என்றாள், அழுதாள், பட்டினி கிடந்தாள். அதையெல்லாம் அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெண்ணுக்குச் சம்மதமா என்று பங்குச்சாமியார் விசாரித்தபோது, "அதெல்லாம் கேட்டாச்சு சாமி" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் சொன்னதில்லை. கேட்கிற சாமியாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் அப்படித்தான் போயின. மூன்றாம் ஓலை விழுந்த ஞாயிற்றுக்கு மறுநாள் அவள் கல்லூரியில் சேர வேண்டும். சேராவிட்டால் சீட் வேறொருவருக்குப் போய்விடும்.

சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்து, வழக்கம்போல் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பெண்கள் பக்கத்தில் சலோமி எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு சாமி. எனக்குச் சம்மதமில்ல. இதுவரைக்கும் என்னய யாரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க."

கோயிலே திரும்பிப் பார்த்தது. யாகப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஓலை அத்தோடு நின்றது. மறுநாள் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

எண்பத்தாறில் காரைக்கால் டவுனில் டாக்டர் சலோமி என்று பலகை தொங்கியது. அதுவரை அந்தப் பக்கமே வராத யாகப்பன், ஒருநாள் மனைவியை அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்ன செய்கிறது என்று சலோமி தாயைக் கேட்டாள்.

"ஒன்னுமில்ல, வயசாச்சுல்ல, சும்மா நொய்நொய்னு..." என்று யாகப்பன் ஆரம்பித்தார்.

"நீங்க வெளில இருங்கப்பா. அம்மா சொல்லட்டும்."

அவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்தும்வரை காத்திருந்து, அம்மா நெஞ்சில் கை வைத்து, "இங்கதான்டி வலிக்குது" என்றாள்.