மழைக்குழியில் ஊற்றாத ஒரு குடம்

வரி கேட்டுப் போகிற பில் கலெக்டரைப் பார்த்தால் நாய்கூட வாலாட்டாது. வரி கிடையாது என்று சொல்லப் போனால் இளநீர் சீவித் தருவார்கள். நகராட்சி வேலையில் இரண்டையும் பார்த்தவள் நான். படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்த சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வாடகை மரங்கள்

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி எழும்பியது. மாடியில் சோலார் தகடு, சுற்றிலும் மரம், மழைநீர் இறங்கக் குழி. மூன்றும் இருந்தால் ‘பசுமைக் குடியிருப்பு’ என்று சில வருடங்களுக்குச் சொத்து வரி விலக்கு. இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

மரக்கன்றுகள் வரிசையாக நின்றன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். தொட்டியோடு கையில் வந்தது. வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார்.

“மேடம், சீக்கிரம் எண்ணிடுங்க. மத்தியானம் இதுங்கல்லாம் வேப்பம்பட்டு சைட்டுக்குப் போவணும்.”

ஜல்லி

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்; கன்றுகளை ஒழுங்காக மண்ணில் நட்ட பிறகுதான் திரும்பப் போனேன். திருட்டைப் பிடித்த கர்வம் தலைக்கேறியிருந்தது. மழைக்குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, இறங்குகிறதா என்று நின்று பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தெருக்குழாயில் பிடித்து வரச் சொல்லியிருக்கலாம். வெயில், பசி. குழியின் மேலே ஜல்லி அழகாகப் பரப்பியிருந்தது. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டடக்காரரின் சூப்பர்வைசர் சிரித்தார்.

“மழை வந்தா அதுவே டெஸ்ட் ஆயிடும், மேடம்.”

தரைத்தளம்

முதலில் குடிவந்தவள் எல்லம்மா, மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன் பழவேற்காடு ஏரியில் ஓடம் வைத்திருந்தவர்; பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி பக்கம், படி ஏற வேண்டாம், வரியும் இல்லை என்று ஓடத்தை விற்று, ஏரிக்கரை மனையை விற்று, தரைத்தளத்தில் வீடு வாங்கியிருந்தார்கள்.

விலக்குத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது லேமினேஷனோடு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. எல்லம்மா எனக்கு இறால் வறுத்துத் தந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி கன்னியப்பன் குழறிக் குழறிச் சொன்னார்.

“கவுருமெண்டே பாத்து கையெழுத்து போட்டுக்கீது. நமக்கு இன்னா பயம்?”

ஐப்பசி

மூன்று நாள் விடாத மழை. நான் போய்ச் சேர்ந்தபோது குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜல்லிக்குக் கீழே உடைந்த செங்கல்லும் சிமெண்டும் கொட்டி அடைத்திருந்தார்கள். ஒரு குடம் ஊற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தரைத்தளத்தில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். கன்னியப்பனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஏரில தண்ணி ஏறினா ஓடமும் கூடவே ஏறும்மா. இந்த ஊடு ஏறலியே.”

ஆணியில் தொங்கிய தாள்

சளி நெஞ்சில் கட்டி, கார்த்திகை பிறக்கும் முன்னே அவர் போய்விட்டார். நடந்ததை, என் தப்பையும் சேர்த்து, அப்படியே எழுதிக் கொடுத்தேன். கட்டியவருக்கு நோட்டீஸ் போனது, எனக்கு மெமோ வந்தது, கட்டடம் முழுக்க விலக்கு ரத்தானது.

எல்லம்மாவுக்கான வரி நோட்டீஸை வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. நானே போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழியாமல் இருந்தது. அதற்கு மேலே ஆணியில், ஒரு சொட்டும் படாமல் அந்தத் தாள். அவள் அதைக் கழற்றி, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். வெட்கத்தில் கூசிப்போய் நின்றேன்.

“இத்த நீயே எடுத்துக்கினு போம்மா. உன் கையெழுத்துதான?”

மரத்தைப் பிடுங்கிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சோம்பல்; இத்தனை வருஷ உத்தியோகத்தின் லட்சணம் இவ்வளவுதான்.